லவ் பேர்ட்ஸுக்கு அடுத்து எந்தக் கிளி வாங்கலாம்?

கேள்வி: தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பிளஸ் ஒன் படிக்கிறேன். வீட்டில் இரண்டு மாடும் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழியும் இருக்கின்றன. போன வருடம் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு முன்பு பெட்டை செத்துவிட்டது. இரண்டு நாள் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியிலேயே உட்கார்ந்திருந்தது. வால் பக்கம் வீங்கியிருந்தது. இப்போது ஆண் மட்டும் தனியாக இருக்கிறது. எனக்குப் பேசுகிற பெரிய கிளி வளர்க்க ஆசை. சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே எல்லாம் வீடியோவில் பார்க்கிறேன். அப்பா ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் என் நண்பன், அவர்கள் தோட்டத்து மொட்டைப் பனையில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருக்கிறது, சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்கிறான். எதை வளர்க்கலாம் ஐயா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் நண்பரிடம் பேசுங்கள். மற்றதை எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பனைமரம் பொறுக்காது. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. "ஊரில் எத்தனையோ வீட்டில் வளர்க்கிறார்களே" என்று நினைப்பீர்கள். வளர்க்கிறார்கள்தான், அதனால் அது சரியாகிவிடாது. நீலம், மஞ்சள் நிறத்தில் ரிங்நெக் என்று விற்பதும் இதே இனம்தான். அதையும் தொட வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், குஞ்சின் நிலையைப் பாருங்கள். பொந்திலிருந்து எடுத்த குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. ஊட்டுகிற கூழ் சூடாக இருந்தால் இரைப்பை வெந்துவிடும். கொஞ்சம் அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் ஏறி நுரையீரல் கெட்டுவிடும். நான் கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்த காலத்தில், தை மாசி வந்தாலே துணிப்பையில் இப்படிக் குஞ்சுகளைக் கொண்டுவருவார்கள். அவற்றில் நான் காப்பாற்றியது மிகக் குறைவு. நண்பர் ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே அதே பொந்தில் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வது உண்மை இல்லை, சேர்த்துக்கொள்ளும். மரம் சாய்ந்துபோய்த் திரும்ப வைக்க வழியில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், உங்களிடம் இருப்பது லவ் பேர்ட்ஸ் இல்லை, பட்ஜி. நம் ஊரில் பட்ஜியை லவ் பேர்ட்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பட்ஜியின் ஊர் ஆஸ்திரேலியா, எடை முப்பது நாற்பது கிராம்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வால் குட்டை, உடம்பு தடிமன், கடி பலமாக இருக்கும். கடைக்குப் போகும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பெட்டை இறந்ததைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முட்டை வெளியே வராமல் தடைபட்டதைத்தான் காட்டுகின்றன. கூண்டுக்குள் மண்பானை தொங்கவிட்டிருந்தீர்களா? பானையைக் கண்டால் பட்ஜி முட்டை வைக்கத் தொடங்கிவிடும். வயது வராத பெட்டை, வெறும் தினை மட்டும் தின்கிற பெட்டை, சுண்ணாம்புச் சத்து போதாமல் முட்டையைத் தள்ள முடியாமல் தவிக்கும். பறவை பகலில் உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. கிளி இனம் நோயைக் கடைசி வரை மறைத்து வைக்கும். காட்டில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும், அந்தப் பழக்கம் கூண்டுக்குள்ளும் போவதில்லை. இது உங்கள் தப்பு என்று மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். விற்றவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

சரி, பெரிய கிளிக்கு வருகிறேன். ஆப்பிரிக்கன் கிரே நன்றாகப் பேசும், அறிவும் அதிகம். ஆனால் அது நாற்பது, ஐம்பது வருடம் வாழக்கூடியது. நாள் முழுவதும் ஆள் துணை கேட்கும். தனியாக விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளும். 2017 முதல் உலக அளவில் அதன் வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஏற்ற பறவை இல்லை. அப்பா தரும் பணமும் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

சன் கன்யூர் பார்க்க அழகு, கையில் கொஞ்சி விளையாடும். வீடியோவில் அதன் சத்தத்தைக் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். நேரில் ஒரு முறை கேளுங்கள், காது கூசும். அடுத்த தோட்டம் வரை கேட்கும். பேச்சும் பெரிதாக வராது. இருபது முப்பது வருடம் இருக்கும். இன்னொன்று, அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பறவைகளை வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சன் கன்யூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்ஜி, காக்டெய்ல், பீச் முக லவ் பேர்ட் மூன்றும் அதில் இல்லை. உங்கள் வயதுக்கு இந்த மூன்றுக்குள் நிற்பதே நல்லது. இவற்றில் லவ் பேர்டை நானே கழித்துவிடுகிறேன். பட்ஜி இருக்கிற கூண்டில் அதை விட்டால் காலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

ஆக, மீதி இருப்பது காக்டெய்ல். கொண்டை வைத்த, புறாவைவிடச் சிறிய பறவை. எண்பது முதல் நூறு கிராம் வரை எடை. சாது. நம் வெயிலை நிழல் இருந்தால் தாங்கும். கொண்டையைப் பார்த்தே அதன் மனசைப் படிக்கலாம்: நேராக நின்றால் மிரண்டிருக்கிறது, பாதி சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது, தலையோடு ஒட்டி ஸ்ஸ் என்றால் கிட்டே போகாதீர்கள். ஆண் அருமையாக விசில் அடிக்கும். நீங்கள் ஒரு பாட்டின் மெட்டை தினமும் விசிலடித்தால் சில மாதத்தில் திருப்பிப் பாடும். வாங்கும்போது இளம் பறவைகள் எல்லாம் பெட்டை போலவே தெரியும். சாம்பல் நிற வகையில் ஆணுக்கு வளர்ந்தபின் முகம் பளிச்சென மஞ்சளாகும். பெட்டைக்கு முகம் மங்கலாகவும் வாலின் அடியில் வரிவரியாகவும் இருக்கும். தானாகத் தின்னப் பழகிய, இரண்டு மாதம் தாண்டிய பறவையாகக் கேளுங்கள். "ஊட்டி வளர்த்தால் பாசமாக இருக்கும்" என்று இறகு முளைக்காத குஞ்சைக் காட்டினால் வேறு கடை பாருங்கள்.

ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காக்டெய்ல் பதினைந்து, இருபது வருடம் வாழும். உங்களுக்கு முப்பத்தைந்து வயதாகும்போதும் அது இருக்கலாம். பிளஸ் டூ முடித்து இன்னும் இரண்டு வருடத்தில் நீங்கள் கோவைக்கோ சென்னைக்கோ விடுதிக்குப் போய்விடுவீர்கள். அப்போது யார் பார்ப்பது? அம்மா முழு மனசோடு "நான் பார்த்துக்கிறேன் கண்ணு" என்று சொன்னால் ஒரு ஆண் காக்டெய்ல் வாங்குங்கள். தயங்கினால் வாங்காதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். மாட்டையும் கோழியையும் பார்ப்பவர் அவர்தான்.

எப்படி இருந்தாலும் தனியாக இருக்கிற பட்ஜிக்கு இன்னொரு ஆணைத் துணைக்கு வாங்கிக் கொடுங்கள். வளர்ந்த ஆணுக்கு மூக்குக்கு மேலே உள்ள தசை நீலமாக இருக்கும், பெட்டைக்குப் பழுப்பு. இரண்டு ஆண்கள் ஒற்றுமையாக இருக்கும், முட்டைத் தொல்லையும் இல்லை. புதுப் பறவையை முதல் முப்பது நாள் வேறு அறையில் வைத்துக் கவனித்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

பேசுகிற கிளிதானே கேட்டீர்கள்? அதிகச் சொற்கள் பேசியதாக 1995 கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது பெரிய கிளி இல்லை, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்த பக் என்ற ஆண் பட்ஜி. 1,728 சொற்கள்! எல்லாப் பட்ஜியும் பேசாது. துணை வந்துவிட்டால் பேச்சு குறையும் என்பதும் உண்மை. அதனால் அந்த முப்பது நாளை விட்டுவிடாதீர்கள். காலையில் பள்ளிக்குப் போகும் முன்னும் சாயந்தரமும் பத்து நிமிடம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கையில் பழக்குவதற்கு வெளியூர்த் தீனி எதுவும் வேண்டாம். ஒரு தினைக் கதிர் போதும். வள்ளி தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கதை நமக்குத் தெரியும், தினைக்கும் கிளிக்கும் அவ்வளவு ஆசை. கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காருங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ ஆகட்டும், அதுவாக வந்து உட்காரும். தினசரித் தீனியில் தினை, சாமை, கம்பு கலந்து, கூடவே முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல் கொடுங்கள். சூரியகாந்தி விதை கொழுப்பு, அதைக் கொஞ்சமாக வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். அதைக் கூண்டில் கட்டிவிட்டால் சுண்ணாம்புச் சத்துக்குக் கவலையில்லை. அவகாடோ, சாக்லேட், டீ, காப்பி, வெங்காயம், உப்புப் போட்ட தின்பண்டம் எதுவும் வேண்டாம்.

பணத்தில் பறவைக்கு ஆவதைவிடக் கூண்டுக்கு அதிகம் ஒதுக்குங்கள். காக்டெய்ல் இறக்கையை முழுசாக விரித்துத் திரும்புகிற அகலம் வேண்டும். பட்ஜிக்கு இரண்டடி நீளமாவது இருக்கட்டும், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு, மருந்து தெளிக்காத கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வையுங்கள். தடிமன் மாறிமாறி இருந்தால் பாதம் புண்ணாகாது.

கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் காலியாக அடுப்பில் காய்ந்தால் வரும் புகை, மனிதருக்கு ஒன்றும் தெரியாத அளவில் இருந்தாலும் பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது. வெளியே திறந்துவிடும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். காக்டெய்ல் இருட்டில் திடீரென மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும், இரவில் சிறிய விளக்கு ஒன்று எரியட்டும். அதன் இறகிலிருந்து மாவு போல வெள்ளைத் தூள் உதிரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் காக்டெய்ல் வேண்டவே வேண்டாம், பட்ஜியோடு நின்றுகொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் கோழி இருப்பதால் ஒன்று முக்கியம். வெள்ளைக்கழிச்சல் நோய் கிளிகளுக்கும் தொற்றும். கோழிகளுக்குத் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கூண்டைத் தொட வேண்டும், தீனியும் தண்ணீர்க் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். கிளிகளிடமிருந்து நமக்கும் ஒரு வகை நுரையீரல் காய்ச்சல் வரலாம். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கிப் புழுதி கிளப்பாமல், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் யாருக்காவது வந்தால் மருத்துவரிடம் "வீட்டில் கிளி இருக்கிறது" என்று சொல்ல மறக்க வேண்டாம்.

வாரம் ஒரு முறை சமையல் தராசில் பறவையை எடை போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். தொடர்ந்து இறங்கினால் காத்திருக்க வேண்டாம். உங்களுக்குப் பக்கம் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிதான். அந்த நோட்டையும் அன்றைய எச்சம் படிந்த காகிதத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.