கொலை செய்கிறவர்கள் தனி ரகமா?

கேள்வி: கொலை செய்கிறவர்களும் அடிதடி வழக்கில் மாட்டுகிறவர்களும் அடிப்படையிலேயே வேறு வேறு ஆட்களா? ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்குச் சில வருடம் என்று சட்டம் எதை வைத்துப் பிரிக்கிறது?

எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் வாதாடுகிற வக்கீல் நான். என் பதிலில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்தான். அதே கோபம், அதே வாக்குவாதம், அதே ஒரு வீச்சு. அது 302 (கொலை) ஆகுமா, 307 (கொலை முயற்சி) ஆகுமா என்பதைக் கையில் கிடைத்த பொருளும், கத்தி இறங்கிய இடமும், ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. (2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 103, 109 ஆகிவிட்டன. நீதிமன்ற வளாகத்தில் வாயில் வருவது இன்னும் பழைய எண்தான்.)

மார்வின் வுல்ஃப்காங் என்ற குற்றவியல் ஆய்வாளர் 1948 முதல் 1952 வரை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கொல்லப்பட்ட 588 பேரின் போலீஸ் கோப்புகளை உட்கார்ந்து படித்தார். காரணம் என்று பதிவானவற்றில் முதலிடம் திட்டமிட்ட பகைக்கு இல்லை, அற்ப விஷயத்தில் கிளம்பிய சண்டைக்குத்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி. ஏறக்குறைய நாலில் ஒரு வழக்கில் முதலில் ஆயுதத்தை எடுத்தவரோ கை நீட்டியவரோ செத்துப்போனவரேதான். இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பு எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சண்டையில் உயிரோடு மிஞ்சியவர் சொன்னதுதான் பல கோப்புகளில் கதையாகப் பதிவாகும், செத்தவர் வந்து மறுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடுத்தது ஆயுதம். 1968இல் ஃபிராங்க்ளின் ஜிம்ரிங் சிகாகோ நகரத் தாக்குதல்களை எடுத்துப் பார்த்தார். கத்தித் தாக்குதலைவிடத் துப்பாக்கித் தாக்குதல் ஏறக்குறைய ஐந்து மடங்கு உயிரைப் பறித்தது. "கொல்ல நினைத்தவன்தான் துப்பாக்கியை எடுப்பான், அதனால்தான் இந்த வித்தியாசம்" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: பெரும்பாலான சம்பவங்களில் ஒரே ஒரு காயம்தான். தீர்த்துக்கட்டியே ஆகவேண்டும் என்று வந்தவன் ஒரு குண்டோடு ஏன் நிறுத்துகிறான்? உயிர் போனதற்கும் பிழைத்ததற்கும் ஆளின் உறுதியைவிட ஆயுதத்தின் வேகம்தான் அதிகக் காரணம் என்று அவர் வாதிட்டார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆஸ்பத்திரியின் பங்கைப் பற்றியும் ஓர் ஆய்வு 2002இல் வந்தது. அவசர சிகிச்சை 1960க்குப் பிறகு முன்னேறியிருக்காவிட்டால் அமெரிக்காவில் வருடத்துக்கு 15,000 முதல் 20,000 வரை இருந்த கொலைகள் 45,000 முதல் 70,000 வரை போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள். எண்ணை அப்படியே நம்பவேண்டாம். அதே காலத்தில் சின்னத் தாக்குதல்களையும் பதிவு செய்யும் பழக்கம் கூடியது, அதுவும் கணக்கை ஊதிக்காட்டும். திசை மட்டும் சரி.

சரி, சட்டத்துக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். மரணம் விளைவித்தல் பற்றிய பிரிவின் இரண்டாவது விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது: நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது காயம் ஏற்படுத்தியவருக்குத் தப்பிக்கும் வழி ஆகாது. அதாவது மருத்துவமனை தூரமாக இருந்த பாரமும் எதிரி தலையில்தான். விர்சா சிங் வழக்கு (1958) இன்னும் கறார். வயிற்றில் ஈட்டியால் ஒரே குத்து, அடிபட்டவர் மறுநாள் மாலை இறந்தார். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று தேடவேண்டாம், அந்தக் காயத்தை ஏற்படுத்தும் எண்ணம் இருந்ததா, அந்தக் காயம் இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா, இவ்வளவு போதும் என்றார் நீதிபதி விவியன் போஸ். அதனால்தான் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் 'மரணம் விளைவிக்கப் போதுமான காயம்' என்ற அந்த ஒரு வரியை எழுதினாரா இல்லையா என்பதில் பாதி வழக்கு நிற்கிறது. குறுக்கு விசாரணையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது அந்த வரியோடுதான்.

முன்திட்டம் இல்லாமல் திடீர்ச் சண்டையில், உணர்ச்சி வேகத்தில், கொடூரமாக நடந்துகொள்ளாமல் நேர்ந்த மரணம் என்று காட்டினால் கொலையிலிருந்து கீழே இறங்கலாம். அப்போது ஆயுளுக்குப் பதில் பத்து வருடத்துக்குள் முடிய வாய்ப்பு உண்டு. நீங்கள் கேட்ட "சில வருடம்" பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இதுவரை சொன்னது இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொள்ளும் கதை. வீட்டுக்குள் இந்தக் கதை பொருந்தாது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் கோவிந்தா வழக்கு, 1876, பம்பாய். பதினெட்டு வயதுக் கணவன், பதினைந்து வயது மனைவி. கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை வைத்து, முகத்தில் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அந்தப் பெண் இறந்தாள். ஆயுதம் இல்லை, காயமும் நிச்சயம் உயிரைப் பறிக்கும் ரகம் இல்லை என்று கொலைக்குக் கீழான குற்றமாக்கி ஏழு வருட நாடுகடத்தல் கொடுத்தார்கள். பிரிவுகளை விளக்குவதில் அந்தத் தீர்ப்பு அவ்வளவு தெளிவு. ஆனால் அது பார்த்தது அந்த ஒரு சம்பவத்தை மட்டும்.

ஒரு சம்பவத்தை மட்டும் பார்த்தால் தவறிப்போகும் என்று இப்போது தெரிகிறது. துணையால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்டுப் பிழைத்த பெண், பிறகு அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. 2023இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணையாலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. கணக்கு, நாளைக்கு 140 பேர். இவற்றில் பலவற்றைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வராது. மரணத்துக்கு முன்னால் மிரட்டலும் அடியும் வரிசையாக இருக்கும், யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆக, உங்கள் கேள்விக்கு: தெருச் சண்டையில் கொன்றவன் தனி ரகம் என்று நான் நம்பவில்லை. வீட்டில் வருடக்கணக்காக நெரித்துப் பழகியவனைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். தண்டனையைப் பொறுத்தவரை, உயிர் போனதற்கு எடை தரவே கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு, நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் இன்னொரு கோடியில், கொலை முயற்சியில் காயம் பட்டிருந்தாலே ஆயுள் வரை கொடுக்கச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நடந்து வந்து சாட்சி சொல்லிவிட்டால் அந்த அளவுக்கு யாரும் போவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.