எஸ்.எஸ். குழாய் வெட்டும் பிளேடுக்குக் கருஊதா கோட்டிங் தேவையா?

கேள்வி கேட்டவர் 315 மி.மீ. விட்டமுள்ள எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) வட்டப் பிளேடால் 304 என்னும் துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) வகைக் குழாயை வெட்டுகிறார். பல் சீக்கிரம் மழுங்கிவிடுவதால், தங்க நிறப் பூச்சை விட்டுக் கருஊதாப் பூச்சுள்ள பிளேடுக்கு மாறலாமா என்கிறார். குழாயின் சுவர் 1.5 மி.மீ. அளவு, கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஓடும் சாதாரண இயந்திரம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் மாற வேண்டாம். அந்தப் பணத்தைப் பூச்சுக்கு அடியில் இருக்கும் எஃகுக்குக் கொடுங்கள்.

தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு. கருஊதா டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. இரண்டும் சில மைக்ரான் கனம்தான். முன்னது சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரையிலும், பின்னது 800 வரையிலும் தாங்கும் என்று விற்பவர்கள் காட்டும் பட்டியல் பொய்யன்று. ஆனால் பின்னதின் சிறப்பு சூட்டில்தான் வெளிப்படும். வெட்டுமுனை நன்றாகச் சூடேறும்போது அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உண்டாகி, அதுவே கவசமாகிறது. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில், கூலன்ட் கொட்டும் இடத்தில், அந்தச் சூடு எங்கிருந்து வரும்? வந்தாலும், அடியில் இருக்கும் எச்.எஸ்.எஸ். 600 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். சூட்டை நன்றாகத் தாங்கும் கார்பைடு பல் வைத்த பிளேடை வேகமாக ஓட்டி முழுக் கம்பி வெட்டுபவர்களுக்கு அது காசுக்கு உகந்த பூச்சு என்பதை நான் மறுக்கவில்லை. விலை உயர்ந்த எதையும் மட்டம் தட்டுபவன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

கோவை கணபதியில் மருத்துவமனைக் கட்டில், தள்ளுவண்டி செய்யும் பட்டறையில் வெட்டும் பகுதி என் பொறுப்பில் இருந்தபோது இதே பேச்சு எழுந்தது. கருஊதாதான் இப்போது எல்லோரும் கேட்பது என்று விற்பனையாளர் சொன்னார். ஒரே இயந்திரத்தில், ஒரே குழாயில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். புதுப் பிளேடாக இருந்தவரை கருஊதா சற்றுக் கூடுதலாக உழைத்தது. விலையில் இருந்த வித்தியாசத்துக்கு அது ஈடாகவில்லை. மழுங்கிய பல்லை லென்சு வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. பல்லின் மூலையில் பூச்சு தேய்ந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். அந்த இடத்திலேயே கடுகில் பாதி அளவுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியது பெயரும்போது பல்லின் விளிம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். அதாவது எங்கள் பிளேடைக் கெடுத்தது சூடு அன்று, ஒட்டுதல். பழைய பிளேடு எப்படிச் செத்தது என்று பார்க்காமல் புதியதின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

சாணைக்குப் பின் என்ன ஆகிறது என்பதை விற்பவர் யாரும் தானாகச் சொல்வதில்லை. இந்த வகைப் பிளேடில் சாணைக்கல் பல்லின் முகம், முதுகு, இடைக்குழி எல்லாவற்றையும் புதிதாகக் கடைந்துவிடுவதால், பக்கவாட்டில் மட்டுமே பூச்சு மிஞ்சும். எனவே முதல் சாணைக்குப் பிறகு நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் வெறும் எஃகைத்தான். மறுபூச்சு போடலாம், ஆனால் பழையதை நீக்கி, சாணைப் பிசிறை ஒழுங்காக எடுத்த பிறகு போட வேண்டும். பிசிறின் மேல் போட்ட பூச்சு முதல் வெட்டிலேயே பிசிறோடு உதிரும். நாலைந்து பிளேடு வைத்திருக்கும் பட்டறைக்கு இந்தச் செலவும் காத்திருப்பும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. ஆகவே 5 சதவீதம் கோபால்ட் சேர்ந்த எம்35 எஃகில் பிளேடு கேளுங்கள். எத்தனை முறை சாணை பிடித்தாலும் கோபால்ட் உள்ளே இருக்கும். அதன் மேல் தங்க நிறப் பூச்சு கிடைத்தால் நல்லது. இதை எங்கள் கொள்முதல் பிரிவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு பெரிது. பிளேடு ஒன்றின் விலையை ஒப்பிடுவார்களே தவிர, ஒரு வெட்டுக்கு என்ன செலவு என்று கடைசிவரை கணக்குப் போடவில்லை.

அதற்கும் முன்பாக இயந்திரத்தின் சுழற்சியைப் பாருங்கள். 315 மி.மீ. பிளேடின் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ அத்தனை மீட்டர் வெட்டு வேகம். சாதா இரும்புக்கு வைத்த 45 சுற்றிலேயே 304-ஐயும் வெட்டினால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. 20 அளவுக்கு இறக்குங்கள். அதே சமயம் கைப்பிடியைப் பயந்து பயந்து அழுத்தக் கூடாது. பல் வெட்டாமல் உரசினால், உரசிய இடம் இறுகி அடுத்த பல்லுக்கு இன்னும் கடினமாகிவிடும். உங்கள் குழாய்ச் சுவருக்கு 200 பல், அதாவது சுமார் 5 மி.மீ. பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி), பொருந்தும்.

சாதா இரும்பு மட்டும் வெட்டுபவருக்கு, நீராவியில் கறுப்பாக்கிய மலிவான ஆக்சைடு பிளேடே போதும். அந்தப் படலம் கூலன்ட்டைப் பிடித்து வைத்து ஒட்டுதலைக் குறைக்கும். அதை அலுமினியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கருஊதாவும் அங்கே உதவாது, அதில் இருக்கும் அலுமினியமே ஒட்டுதலுக்கு இடம் கொடுக்கும். பூச்சில்லாத பளபளப்பான பல்லோ, வெள்ளி நிறக் குரோமியம் நைட்ரைடோ மேல்.

ஆர்டர் போடும்போது எஃகின் தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், நிறத்தை மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடுத்துளை 32 மி.மீ. ஆ, 40 மி.மீ. ஆ என்பதையும் இயந்திரத்தில் அளந்துவிட்டே சொல்லுங்கள். 315-இல் இரண்டுமே கடையில் கிடைக்கும்.