மன்னராட்சிக் கால பிரான்ஸில் யார் மேலே, யார் கீழே? – கேள்வி பதில்

1789 புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு சமூகத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மதகுருமார், பிரபுக்கள், மற்றவர்கள் என மூன்று எஸ்டேட்கள், அதாவது சட்டம் வகுத்த சமூகப் பிரிவுகள், இருந்ததாகப் பள்ளியில் படித்தோம். அவ்வளவுதானா?

சட்டப்படி அவ்வளவுதான், வாழ்க்கையில் அப்படி இல்லை. சுமார் 2 கோடியே 80 லட்சம் மக்களில் முதல் இரண்டு எஸ்டேட்களும் சேர்ந்து நூற்றுக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். மீதி எல்லாரும் மூன்றாம் எஸ்டேட். போர்தோ துறைமுகத்தில் கப்பல் வைத்திருந்த பெரும் பணக்காரரும் அதில்தான், அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணும் அதில்தான். பிறப்பு, பணம் இரண்டையும் எல்லாரும் சொல்வார்கள். மூன்றாவதாக, எந்த மாகாணத்தில் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஊருக்கு ஊர் சட்டம் மாறுமா என்ன?

மாறும். உப்பு வரியைப் பாருங்கள், கபேல் என்பார்கள். வடக்கிலும் நடுவிலும் இருந்த பல மாகாணங்களில் எட்டு வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஏழு பவுண்டு உப்பு கணக்கு. அரசுக் கிடங்கில், அரசு சொன்ன விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த உப்பும் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான். குளிர்காலத்துக்குப் பன்றிக்கறியை உப்புக்கண்டம் போடுவதென்றால் அதற்குத் தனியாக வாங்கவேண்டும், மீறினால் அபராதம்.

பக்கத்திலேயே இருந்த பிரித்தானி மாகாணத்துக்கு இந்த வரி கிடையாது. 1532-ல் பிரான்ஸோடு இணைந்தபோது அதன் பழைய சலுகைகளைக் காப்பதாக மன்னர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உப்பு விலையில் இருபது, முப்பது மடங்கு வித்தியாசம். கடத்தல் நடக்காமல் இருக்குமா? பிரித்தானி எல்லையோரம் இருந்த லவால் வட்டாரத்தில் பெண்கள் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள். நாய்களைப் பழக்கி, முதுகில் உப்பு மூட்டை கட்டி, இரவில் வீட்டுக்கு ஓடவிட்டார்கள். பிடிபட்டு அபராதம் கட்ட முடியாத ஆண்களைத் துடுப்புக் கப்பலில் கட்டாய உழைப்புக்கு அனுப்பினார்கள். ஒரு மூட்டை உப்புக்கு இந்தத் தண்டனை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. இதே நாட்டில் பல பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் சலுகை உப்பு வந்துகொண்டிருந்தது.

கேள்வி: பிரபுக்கள் வரியே கட்டவில்லையா?

முக்கிய நேரடி வரியான தைய் பொதுவாக அவர்களுக்கு இல்லை. 1695-ல் தலைவரியும், 1749-ல் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு என்ற வரியும் வந்தபோது அவர்களும் கட்டவேண்டியிருந்தது. ஆனால் மதிப்பீடு செல்வாக்கைப் பார்த்துத்தான் நடந்தது. திருச்சபையோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தானே முடிவு செய்த தொகையை ‘நன்கொடை’யாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கேள்வி: சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர் பிரபு ஆக முடியுமா, சார்?

காசிருந்தால் முடியும். ‘மன்னரின் செயலாளர்’ என்ற பதவி விலைக்குக் கிடைத்தது. வேலை பெயரளவுக்குத்தான். இருபது வருடம் வைத்திருந்தாலோ, பதவியில் இருக்கும்போதே இறந்தாலோ, பிரபுப் பட்டம் பிள்ளைகளுக்கும் போகும். 1780-களில் அதன் விலை சுமார் 1,20,000 லீவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). நாளுக்கு ஒரு லீவர் கூலி வாங்குபவர் வருடம் 300 நாள் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் 400 வருடம் ஆகும்.

அப்புறம், வாங்கிய பட்டத்தைப் பழைய பிரபுக்கள் மதிக்கவில்லை. 1781-ல் வந்த ஆணைப்படி, ராணுவத்தில் நேரடியாக அதிகாரியாகச் சேர, தந்தை வழியில் நான்கு தலைமுறை பிரபுக்கள் என்று நிரூபிக்கவேண்டும். படித்து, சம்பாதித்து மேலே வந்த குடும்பங்களுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. புரட்சியில் அவர்கள் முன்வரிசைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: மதகுருமார் எல்லாரும் வசதியாக இருந்தார்களா?

இல்லை. ஸ்த்ராஸ்பூர் ஆயருக்கு ஆண்டுக்கு 4 லட்சம் லீவர் வருமானம். சம்பளத்தை நம்பியிருந்த கிராமப் பங்குத்தந்தைக்கு 1786-ல் உயர்த்திய பிறகும் 700 லீவர்தான். 1789-ல் ஆயர்கள் ஏறக்குறைய எல்லாருமே பிரபுக் குடும்பத்தினர். மன்னர் கூட்டிய மூன்று எஸ்டேட்களின் பொதுச்சபையில், அந்த ஜூன் மாதம் இந்த ஏழைப் பாதிரியார்களில் பலர் மூன்றாம் எஸ்டேட் பக்கம் போனதில் வியப்பே இல்லை.

கேள்வி: விவசாயிகளுக்கு வரியைத் தவிர வேறு என்ன தொல்லை?

ஜமீன்தாரின் ஆலையில்தான் மாவு அரைக்கவேண்டும், பல ஊர்களில் அவருடைய அடுப்பில்தான் ரொட்டி சுடவேண்டும், இரண்டுக்கும் கட்டணம். பிரபுவின் புறாக்கள் விதைத்த தானியத்தைத் தின்றாலும் அவற்றைக் கொல்லக் கூடாது. வேட்டையும் பிரபுவின் உரிமை என்பதால் பயிரை மேயும் முயலைக்கூடத் தொட முடியாது.

கேள்வி: 1789 ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளை ஒழிப்பதாக அறிவித்ததே, அதோடு எல்லாம் ஒழிந்ததா?

புறாக்கூண்டு உரிமையும் வேட்டை உரிமையும் உடனே போயின. நிலத்தோடு ஒட்டிய பல கட்டணங்களிலிருந்து விடுபட விவசாயி ஈட்டுத்தொகை கொடுக்கவேண்டும் என்றார்கள். ஈடில்லாமல் அவற்றை ஒழித்தது 1793 ஜூலையில்தான். வாக்குரிமையோ மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டிய, 25 வயதான ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு இல்லை. கரீபியனில் பிரான்ஸின் காலனியாக இருந்த சான் தொமிங்கின் (இன்றைய ஹைட்டி) கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை அந்த ஆகஸ்ட் இரவு தொடவே இல்லை. அவர்களே 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள், 1794-ல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது.