பின்னணி வேலைகள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டால்: லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: பேக்கப்பை நைஸ் 19-இல்தான், அதாவது மிகக் குறைந்த முன்னுரிமையில்தான், ஓடவிடுகிறேன். அப்படியும் ஒரு கோப்பைத் திறக்க மெஷின் திணறுகிறதே?

பதில்: நைஸ் முக்கியமாகப் பார்ப்பது சிபியுவை. டிஸ்க்குக்கு ஐஓநைஸ் என்று தனிக் கட்டளை உண்டு. அதில் மூன்று வகுப்புகள்: 1 ரியல்டைம், 2 பெஸ்ட் எஃபர்ட், 3 ஐடில். இரண்டாவதற்குள் 0 முதல் 7 வரை படிகள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நைஸ் மதிப்பைப் பார்த்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே படியைப் போட்டுக்கொள்ளும், 19-க்கு 7. அது கடைசிப் படிதான், ஆனாலும் மற்றவர்களோடு பங்குக்கு நிற்கும். ஐடிலில் போட்டால் வேறு யாரும் டிஸ்க்கைக் கேட்காதபோதுதான் அதன் முறை வரும். பேக்கப்புக்கு அதுதான் சரி. ரூட் அனுமதிகூட வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மாற்றலாமா?

பதில்: தாராளமாக. ஐஓநைஸிடம் வேண்டிய வகுப்பையும் அதன் பிராசஸ் எண்ணையும் கொடுங்கள், போதும்.

கேள்வி: ஐடிலில் போட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்: இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஐஓநைஸ் ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைக் காதில் வாங்க வேண்டியது, டிஸ்க்குக்கு வரும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஐஓ ஸ்கெட்யூலர். சிஸ், பிளாக், டிஸ்க்கின் பெயர், க்யூ என்று கோப்புறைகளில் இறங்கி, ஸ்கெட்யூலர் என்ற கோப்பைப் படியுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது வேலை செய்வது. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கில் பெரும்பாலும் ‘நன்’ (none, ஸ்கெட்யூலர் இல்லை) என்றிருக்கும்; அது முன்னுரிமையைக் கண்டுகொள்ளாது. பழைய கட்டுரைகள் சொல்லும் சிஎஃப்க்யூ ஸ்கெட்யூலர், 2019-இல் வந்த கெர்னல் 5.0-லேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஐஓநைஸை முழுமையாக மதிப்பது பிஎஃப்க்யூ ஸ்கெட்யூலர். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் யோசிக்காமல் அதற்கு மாறுங்கள். வேகமான என்விஎம்இ-யில் அதன் சிபியு செலவு உறுத்தும். அங்கே வேலையின் வேகத்துக்கு வரம்பு வைப்பதையே விரும்புவேன்.

கேள்வி: படிக்கும்போது பிரச்சினை இல்லை. பெரிய கோப்பை எழுதும்போதுதான் எல்லாம் உறைகிறது.

பதில்: சாதாரணமாக எழுதும் தரவு நேராக டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தேங்கும், அப்புறம் கெர்னல் த்ரெட் ஒன்று அதை இறக்கும். அந்த நேரத்தில் உங்கள் ஐடில் வகுப்பு அதோடு கூடவே போவதில்லை. வேலைகளைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கெர்னல் வசதியான சிகுரூப் 2-இல் இதற்கு வழி உண்டு: ஈஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் தேங்கிய எழுத்தும் வேலையின் கணக்கில் சேரும். எனவே வேலையை ஓடவிடும் சிஸ்டம்டியின் யூனிட் (அமைப்பு) கோப்பில், அந்த டிஸ்க்கைக் குறிப்பிட்டு, எழுதும் வேகத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். ‘நன்’ இருந்தாலும் இது செல்லும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மட்டும்தான் ஓடுகிறது என்றால் அதிலேயே வேக வரம்பு வைக்கலாம்.

கேள்வி: என் முக்கியமான வேலைக்கு ரியல்டைம் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அது டிஸ்க்கை விடாமல் கேட்டால் மற்ற எல்லாம் பட்டினி. மற்றதை ஐடிலுக்கு இறக்குங்கள்.