எரிகோவில் குருடர் ஒருவரா, இருவரா?

கேள்வி: எரிகோவில் இயேசு பார்வை கொடுத்தது ஒருவருக்கு என்கிறது பைபிளின் மாற்கு சுவிசேஷம், மத்தேயு சுவிசேஷத்தில் இருவர். தோட்டத்துக் கோயிலில் கேட்டால் "சும்மா விசுவாசி" என்கிறார்கள். எது சரி?
- வாசகி, ஹட்டன்

பதில்: கேட்பதில் என்ன தப்பு தங்கச்சி? லூக்காவையும் பக்கத்தில் விரித்து வையுங்கள், இன்னும் சுவாரசியம். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் எரிகோவை விட்டுப் புறப்படும்போது நடக்கிறது, ஆளுக்குப் பெயரும் உண்டு, பர்திமேயு, மேலாடையை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். லூக்கா 18இல் பெயர் இல்லை, ஊரை நெருங்கும்போதே நடந்துவிடுகிறது. அடுத்து ஊருக்குள் வரி வசூலிக்கும் சகேயுவின் கதை வரவேண்டும் என்பதால் முன்னுக்குத் தள்ளிவிட்டார் என்பது என் ஊகம். மத்தேயுவுக்கு இரண்டிரண்டாகச் சொல்வது பழக்கம் போல. பேய் பிடித்தவன் மற்ற இருவரிடமும் ஒருவன், மத்தேயு 8இல் இருவர். எருசலேமுக்குப் போகும்போது கழுதைக்குட்டியோடு தாய்க் கழுதையும் வருவது இவரிடம் மட்டும்தான்!

மாற்குதான் முதலில் எழுதப்பட்டது, மற்ற இருவரும் அதை வைத்து எழுதினார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. லயத்து வரிசை வீடுகளில் நடந்த சண்டை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வருவதற்குள் எப்படி மாறுகிறது, நமக்குத் தெரியாதா? அதனால் எண்ணிக்கையில் நான் மாற்கு பக்கம். ஆனால் கூட்டம் அதட்டியும் அடங்காமல் "தாவீதின் குமாரனே" என்று கத்துவது மூன்றிலும் அப்படியே இருக்கிறது.