காவல் நிலையத்தில் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை?

“கணவர் அடிக்கிறார் என்று ஸ்டேஷனுக்குப் போனால் ‘அனுசரித்துப் போம்மா’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே சமூகப் பணியாளர் இருந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய ஆகும். மும்பையில் 1984-லேயே டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்துக்குள் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவைத் தொடங்கியது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் போலீஸ் அல்ல, சமூகப் பணி படித்தவர். அதனால் அவரது முதல் கேள்வி “கேஸ் போடலாமா?” என்பதல்ல. இன்று ராத்திரி எங்கே தங்குவீர்கள், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதுதான். கட்டிய சேலையோடு வெளியேறி வந்தவருக்கு அந்த வீட்டிலிருந்து ரேஷன் கார்டு, பிள்ளையின் பள்ளிப் புத்தகம், அம்மா போட்ட நகை எல்லாம் எடுக்க வேண்டியிருக்கும். தனியாகப் போனால் மறுபடி அடி விழும். பணியாளரும் போலீஸும் கூடப் போனால் கதவு திறக்கும். என்னைக் கேட்டால், அந்த ஒரு பையை மீட்டுத் தருவதே பாதி தைரியம்.

அப்புறம் சட்டம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருந்தாலும் அங்கே வாழும் உரிமையை மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பாலியல் கொடுமைக்கு ஆளானது குழந்தை என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலேயே கேட்கலாம்.

அவசரமென்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தயங்காமல் கூப்பிடுங்கள்.