ஃபங்ஷனுக்குள் கர்சர் போட்டு வரி வரியாகப் படிக்கலாமா?

எஸ்க்யூஎல் சர்வர் 2016 டேட்டாபேஸில், ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள பொருட்களின் பெயர்களைக் கமா போட்டு ஒரே வரியாகக் காட்ட வேண்டும், அதற்கு ஸ்கேலார் ஃபங்ஷனுக்குள் (ஒரே ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்) கர்சர் (வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கும் வசதி) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம், வேலை செய்யும். கர்சரை அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே டிக்ளேர் செய்து, திறந்து, மூடி, டீஅலோகேட்டும் செய்துவிட வேண்டும். லோக்கல் (அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும்), ஃபாஸ்ட் ஃபார்வர்டு (முன்னோக்கி மட்டும் படிப்பது) இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். ஃபெட்ச் செய்வது, அதாவது அடுத்த வரியை எடுப்பது, வேரியபிளுக்குள்தான் போக வேண்டும். இன்டூ இல்லாத ஃபெட்சை ஃபங்ஷன் ஏற்காது. லூப்புக்கு முன்னால் ஒரு ஃபெட்ச், லூப்பின் கடைசியில் இன்னொன்று. அந்த இரண்டாவது விட்டுப்போனால் ஃபெட்ச் ஸ்டேட்டஸ் 0-விலேயே (வரி கிடைத்தது என்ற குறி) நிற்கும், லூப் முடியவே முடியாது. பெயர்களைச் சேர்க்கும் வேரியபிளை முதலில் வெற்று ஸ்ட்ரிங்காக வையுங்கள். இல்லாவிட்டால் அது NULL-ஆகவே, அதாவது மதிப்பே இல்லாமல், இருக்கும். NULL-ஓடு ப்ளஸ் போட்டு எதைச் சேர்த்தாலும் NULL-தான் வரும்.

ஆனால் இந்த வேலைக்கு நான் கர்சர் வைக்க மாட்டேன். கணக்குப் பாருங்கள்: 10,000 ஆர்டர், ஒவ்வொன்றிலும் 5 பொருள். ஃபங்ஷன் 10,000 முறை ஓடும், கர்சர் 10,000 முறை திறந்து மூடும். ஐந்து வரி படிக்க ஆறு ஃபெட்ச், ஏனென்றால் கடைசி ஃபெட்ச் வரி தீர்ந்துவிட்டது என்று -1 சொல்வதற்கு. ஆக 60,000 ஃபெட்ச். போதாததற்கு, ஸ்கேலார் ஃபங்ஷன் இருந்தாலே அந்தக் குவெரி பேரலலாக (பல ப்ராசஸர்களில் ஒரே நேரத்தில்) ஓடாது. 2019-இல் வந்த இன்லைனிங்கும் (ஃபங்ஷனைக் குவெரிக்குள்ளேயே விரித்து ஓட்டும் வசதி) லூப் உள்ள ஃபங்ஷனுக்குக் கிடைக்காது. இதைவிடச் சிக்கல், இந்தச் செலவு கண்ணில் படாது: எவ்வளவு டேட்டா படிக்கப்பட்டது என்று காட்டும் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் ஐஓ, ஃபங்ஷனுக்குள் நடக்கும் ரீடைக் காட்டாது, குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் ஆக்சுவல் ப்ளானிலும் அது கம்ப்யூட் ஸ்கேலார் என்ற ஒரு சின்ன படியாகத்தான் தெரியும். டெவலப்மென்ட் சர்வரில் 50 வரியோடு பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கர்சருக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கடனுக்குக் கட்டிய பணத்தை முதலில் வட்டிக்கு, மிச்சத்தை அசலுக்கு என்று கழித்து, அந்த பாக்கியை வைத்துத்தான் அடுத்த மாத வட்டியைப் போட வேண்டும் என்ற மாதிரிக் கணக்கில் தாராளமாக வைக்கலாம். வெறும் ரன்னிங் டோட்டல் (வரிக்கு வரி கூடிக்கொண்டே போகும் மொத்தம்) என்றால் அதற்கும் தேவையில்லை; 2012 முதலே சம் ஓவர் ஆர்டர் பை இருக்கிறது.

உங்கள் 2016-க்கு, ஃபார் எக்ஸ்எம்எல் பாத் போட்டுப் பெயர்களை ஒன்றாகச் சேர்த்து, முன்னால் வரும் கமாவை ஸ்டஃப் ஃபங்ஷன் வைத்து எடுத்துவிடுங்கள். பொருட்களின் பெயரில் & குறி இருந்தால் அது & என்று உருமாறி வரும்; டைப் சேர்த்து வேல்யூ மெத்தடால் படித்தால் சரியாகிவிடும். 2017-க்கு மாறியதும் இதையெல்லாம் எடுத்துவிட்டு பெயர்களை நேரடியாகச் சேர்த்துத் தரும் ஸ்ட்ரிங் அக் (STRING_AGG) போட்டால் போதும்.